விளம்பரமும் விசாரணையும்

கொடைக்கானல் மலைக் கிராமங்களில் விளையும் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு வருகிறது. வெளி மாநிலப் பூண்டும் வருகிறது. மலைப் பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும், அனுபவமுள்ள வியாபாரி பெயரை மட்டும் கேட்டு விலை பேசமாட்டார். மூட்டையை அவிழ்த்து, ஒரு பல்லை உரித்து, நசுக்கி முகர்ந்து பார்ப்பார். பூண்டுக்குக் காட்டும் இக்கவனத்தைப் பத்திரிகை, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றில் வரும் சொற்களுக்கும் நாம் காட்டவேண்டும்.

காட்டத் தவறினால் நேரும் நஷ்டத்திற்கு ஈமுக் கோழியே சான்று. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு, இப்பறவையை வளர்த்தால் மாதந்தோறும் நிச்சய வருமானம் உண்டென விளம்பரங்கள் வெளிவந்தன. திரைப்பட நடிகர்களும் அவற்றில் தோன்றினர். விவசாயிகள் பலர் இலட்சக்கணக்கில் முன்பணம் கட்டினர். 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இத்தொழில் சரிந்தது. பறவைகள் தீவனமின்றி வாடின. பணம் கட்டியோர் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தனர்.

இத்தகைய விளம்பரங்கள் கையாளும் உபாயங்கள் சிலவே. முதலாவது, புகழ் பெற்றவரைப் பேச வைப்பது. நடிகர் நடிப்பில் வல்லவர். கோழி வளர்ப்பில் அவர் சொல் சான்றாகாது. இரண்டாவது, “எல்லோரும் சேர்ந்துவிட்டனர்” என்பது. கூட்டம் சேர்வதால் கணக்கு சரியாகிவிடாது. மூன்றாவது, “இன்றே கடைசி நாள்” என அவசரப்படுத்துவது. யோசிக்க அவகாசம் தராதவர், யோசித்தால் நாம் சேரமாட்டோம் என்பதை அறிந்தவர். நான்காவது, பாதி உண்மை. ஈமு இறைச்சியில் கொழுப்புக் குறைவு என்பது மெய்தான். ஆனால் அவ்விறைச்சியை நம் நாட்டில் அன்றாடம் வாங்கி உண்போர் யார்? இக்கேள்வியை எழுப்பியிருந்தால் பலருடைய சேமிப்பு தப்பியிருக்கும்.

செய்திகளிலும் சார்பு உண்டு. 2011-ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி மலைக்கு அப்பால், அணை உடையும் என்ற அச்சம் பரவியது. இப்பால் கம்பம் பள்ளத்தாக்கில், நீர் நின்றுபோகும் என்ற அச்சம் பரவியது. அணை ஒன்றே, செய்திகள் தீட்டிய படங்களோ இரண்டு. வல்லுநர் குழுவின் ஆய்வறிக்கையைப் பரிசீலித்து, அணை பாதுகாப்பானது என்றும் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்றும் 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்குச் சாதகமான செய்தியாயினும், அளந்து பார்த்தவர் யார் என்று கேட்டபின் நம்புவதே முறை.

ஆதலின், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தலாம். பணம் கட்டச் சொல்லும் விளம்பரம் எதுவாயினும் அதைக் கிராம சபையில் உரக்கப் படித்து, நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும். சொல்பவர் யார்? அவருக்கு இலாபம் என்ன? ஆதாரம் எது? சொல்லாமல் விட்டது எது? தவறான விளம்பரம் செய்யும் நிறுவனத்திற்கும், அதில் தோன்றுவோருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. 1915 என்ற எண்ணில் முறையிடலாம். எனினும், பணம் போனபின் முறையிடுவதினும், கொடுக்குமுன் விசாரிப்பதே சிறந்த பாதுகாப்பாகும்.