நேரத்துக்கும் ஒரு பேரேடு

காலை ஆறுக்குத் திறந்து இரவு பத்துக்குப் பூட்டும் மளிகைக் கடைக்காரருக்குச் சிட்டை எழுத அரை மணி கிடைப்பதில்லை! காரணம், வாடிக்கையாளர் நெருக்கும் வேளையிலேயே மற்ற வேலைகளையும் வைத்துக்கொள்கிறோம். லோடு இறக்குவது, பொட்டலம் போடுவது, பாக்கி வசூல் எல்லாம் பகல் பதினொன்றுக்கு மேல் இருக்கட்டும். லாரி சொன்ன நேரத்துக்கு வராது என்பது நமக்குத் தெரியாததா? ஆகவே ஒரு மணி நேரத்தைச் சும்மா விட்டு வையுங்கள்.

மூன்று மணிக்குத் தினமும் இருபது நிமிடம் பில்களை அடுக்குங்கள். மாதாந்திர ஜி.எஸ்.டி. 3பி படிவத்துக்கு மறுமாதம் 20-ஆம் தேதி கெடு. தவறினால், வரி கட்டவேண்டியவருக்கு நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம்; வட்டி தனி.

மதியச் சாப்பாட்டு நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடும் அன்பர்கள்கூட நான்கு மணிக்குத்தான் சோற்றில் கை வைக்கிறார்கள்.