பேரேட்டின் மறுபாதி

திருவனந்தபுரத்தில் கிழக்கேக்கோட்டைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கும் சாலைக் கடைத்தெருவை, தலைநகரத்துக்கு வேண்டிய சகல சாமான்களும் ஓரிடத்திலே கிடைக்கவேண்டும் என்ற நோக்கத்துடன் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தவர், திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர். திவான் பதவிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்னரே, இளம் பிராயத்தில், அவர் ஒரு வணிகரிடம் கணக்கெழுதினார் என்று சொல்வார்கள். அவர் நிறுவிய கடைத்தெருவைப் பற்றி இன்றைக்குப் பேசினாலும் முதலில் கணக்கைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது.

பழைய சாலை வியாபாரிக்குக் கணக்கு எளிய காரியமாக இருந்ததில்லை. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், அதாவது 28 சக்கரம். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவரின் மடியில் இருந்த பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். அந்த அரைச் சக்கர வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டே கொடுக்கல் வாங்கல் முழுவதும் நடந்தாகவேண்டும்.

இன்று அதே தெருவில், வாங்குகிறவருடைய பணம் ஒரு பாங்கிலும் விற்கிறவருடைய கணக்கு வேறொரு பாங்கிலும் இருக்க, இடையே எந்த வித்தியாசமும் தோன்றாமல் தொகை கைமாறுகிறது. கடைவாசலில் தொங்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம், 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் மோட்டார் உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கியது. அதன் மூன்று மூலைகளிலுள்ள சதுரங்கள், அட்டை எப்படிச் சாய்ந்திருந்தாலும் திசையைக் கைப்பேசிக்கு உணர்த்துகின்றன. பிழைதிருத்தத்தின் மிக உயர்ந்த நிலையில் உருவாக்கினால், சுமார் 30 சதவீதம் வரையில் சிதைந்துபோனாலும் மீதியைக்கொண்டு முழுதையும் படித்துவிடலாம். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் தூளும் படிந்த மளிகைக் கடை அட்டை ஊழியம் செய்வது இதனாலேதான். அந்தக் கட்டத்தில் இருப்பது பணம் சேரவேண்டிய கடையின் கணக்கு முகவரி மாத்திரம். பணத்தை ஒரு பாங்கிலிருந்து மற்றொன்றுக்குச் சேர்க்கும் பாதையை, 2008இல் தோன்றிய இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் யூ.பி.ஐ. என்ற பெயரில் திறந்துவைத்தது. எந்தப் பாங்காயினும், எந்தச் செயலியாயினும் இதில் நுழையலாம் என்பதும், 2020 ஜனவரி முதல் இதற்காக வியாபாரியிடம் கட்டணம் வாங்கலாகாது என்று சர்க்கார் விதித்ததும் இதன் இரண்டு பெரும் விசேஷங்கள். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் இப்பாதையில் நடந்த பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. செலுத்தியதாகப் பொய்ப் படத்தைக் காட்டி ஏமாற்றுவோருக்குப் பரிகாரமாக, வந்த தொகையை உரக்க அறிவிக்கும் சிறு ஒலிப்பெட்டியும் வந்து சேர்ந்தது.

ஆயினும் இந்தப் பாதை, எவ்வளவு வந்தது என்பதை மட்டுமே எழுதிவைக்கிறது. எதற்காக வந்தது என்பதை எழுதுவதில்லை. இந்தக் குறை என்ன துன்பம் விளைவிக்கும் என்பதைக் கர்நாடகம் காட்டியது. 2025 ஜூலையில் அந்த ராஜ்யத்து வணிகவரித் துறை, யூ.பி.ஐ. வரவைக் கூட்டிப் பார்த்து, சரக்கு விற்போருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், சேவை புரிவோருக்கு 20 லட்சம் ரூபாய் என்ற வரிப் பதிவு எல்லையைக் கடந்ததாகத் தோன்றிய ஆயிரக்கணக்கான சிறுகடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பிற்று. வரியே இல்லாத காய்கறியையும் பாலையும் விற்றவர்களும் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள். பெங்களூர்க் கடைகள் பலவற்றில் கட்ட அட்டை இறங்கி, ரொக்கம் மட்டுமே என்ற அறிவிப்பு ஏறியது. பிறகு சர்க்கார் இறங்கிவந்து, பதிவு செய்துகொள்வோரிடம் பழைய பாக்கியை வசூலிப்பதில்லை என்று தெரிவித்தது. பொருளின் பெயரோடு கூடிய விற்பனைக் கணக்கு கையிலிருந்திருந்தால் அந்த ஏழைகள் அத்தனை தூரம் கலங்கியிருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அப்படிப்பட்ட கணக்கினால் வேறு பிரயோஜனமும் உண்டு. அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்ற ஏற்பாடு 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின், ஒருவர் தம் சம்மதத்தின்பேரில் பாங்கு வரவு செலவைக் கடன் கொடுப்போருக்குக் காட்டலாம். அதனுடன் இந்த விற்பனைக் கணக்கையும் சேர்த்துக் காட்ட முடிந்தால், ஈடு வைக்க நகையோ நிலமோ இல்லாதவருக்கு அது பெரிய சகாயம்.

ஆனால் நெரிசலான மாலை வேளையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் எப்போது எழுதுவார்? பேச்சைக் கேட்டு எழுதும் யந்திர ஞானம்தான் இதற்கு வழி. 2022இல் மத்திய சர்க்கார் தொடங்கிய பாஷிணித் திட்டம் நம் மொழிகளுக்காக அதைத்தான் முயல்கிறது. சாலையின் பேச்சோ தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்தது. இதே தெருவில் கடை நடத்திக்கொண்டே இம்மனிதர்களைக் கதைகளில் வாழவைத்து, 2015இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஆ. மாதவனை வாசித்தவர்களுக்கு அது தெரியும். தேசத்தின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க், 1990 முதல் இந்நகரத்தின் வடபுறத்திலேயே இருக்கிறது. அங்குள்ள இளம் பொறியாளர்கள் தூரதேசத்து ஸ்தாபனங்களுக்குச் செய்துகொடுக்கும் வேலையில் ஒரு சிறு பங்கையேனும் சாலைக்குச் செய்யவேண்டும்: கடைக்காரர் “பச்சமுளகு ரெண்டு கிலோ, வற்றல் அரைக்கிலோ” என்று வாயால் சொன்ன மாத்திரத்தில், முன்னதற்கு வரியில்லை, பின்னதற்கு 5 சதவீதம் என்று பிரித்தெழுதி, அந்தப் பேரேட்டைக் கடைக்காரர் வசமே விட்டுவைக்கும் ஒரு சாதனம்.