பொழுது சாய்ந்தால் எங்கே தங்குவது?

பார்த்தசாரதி கோயில் பக்கத்திலிருந்து கடற்கரைக்குச் சைக்கிளில் போனதுண்டா நீங்கள்? பிற்பகல் மூன்று மணிக்கு மேல், பாரதி சாலை வழியாகக் கிழக்கே மிதித்துப் பாருங்கள். (பழைய பைகிராப்ட்ஸ் ரோடுதான். திருவல்லிக்கேணிப் பாட்டிமார்களுக்கு இன்னும் அந்தப் பேர்தான் வாயில் வருகிறது.) தூரம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் கடற்காற்று எதிரே வந்து, நெஞ்சில் கை வைத்துப் பின்னே தள்ளும். சென்ற வாரம் நான் இந்தப் பரீட்சையில் இறங்கினேன். கடற்கரை போய்ச் சேர்ந்தபோது, சுண்டல் விற்கும் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுண்டலைக்கூட நீட்டவில்லை. "முதல்லே உக்காருங்க சார்" என்றான்.

இந்த எதிர்க்காற்றை நாள் முழுவதும், மாதக் கணக்கில் தாங்கிக்கொண்டு ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குச் சைக்கிள் விட்ட இந்தியர் ஒருவர் இருந்தார். ராம்நாத் பிஸ்வாஸ் என்று பெயர். சில்ஹெட் ஜில்லாக்காரர். 1931-ம் வருஷம் ஜூலை 7-ந் தேதி சிங்கப்பூரில் முதல் உலகப் பயணத்தைத் தொடங்கியபோது அவரிடம் இருந்த ஆஸ்திகளைச் சொல்கிறேன், கேளுங்கள்: ஒரு ஜோடிச் செருப்பு, இரண்டு போர்வை, சைக்கிள் ரிப்பேர் சாமான் வைத்த ஒரு பெட்டி. நம் வீடுகளில் இரண்டு நாள் திருப்பதி யாத்திரைக்குக் கட்டும் மூட்டைகளை நினைத்துப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

1938-ல் அவர் பம்பாயில் கப்பலேறி மொம்பாஸாவில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 44. கென்யா, உகாண்டா, நியாஸாலாந்து, ரொடீஷியா எல்லாம் கடந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். நியாஸாலாந்து இன்று மலாவி. ரொடீஷியா இன்று ஜாம்பியா, ஜிம்பாப்வே என்று இரண்டு நாடுகள்.

அந்தப் பக்கத்தில் சைக்கிளில் ஒரு நாள் கழிவது எப்படி என்று பார்ப்போமா? விடியற்காலையில் குளிர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போய்விட்டால் பருவம் தலைகீழ். நமக்கு ஆனி, ஆடி மாதம் என்றால் அங்கே நல்ல பனிக்காலம். மேட்டு நிலத்தில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஜோகன்னஸ்பர்க் நகரம் ஐயாயிரத்தெழுநூறு அடி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் கோத்தகிரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் புழுதி. மண் சாலையில் மோட்டார்கள் ஓடி ஓடித் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக மேடு விழுந்திருக்கும். அதில் ஒரு மணி நேரம் போனால் பல் முதல் முதுகெலும்பு வரை ஆட்டம் கண்டுவிடும்.

தெற்கு ரொடீஷியாவில் 1930-களில் ஒரு சிக்கனம் செய்தார்கள். சாலை முழுவதற்கும் தார் போடப் பணமில்லை. அதனால் மோட்டாரின் இரண்டு பக்கத்துச் சக்கரமும் ஓடுவதற்கு மட்டும், இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டைகளை ரயில் தண்டவாளம் போல நீட்டிவிட்டார்கள். சைக்கிள்காரனுக்கு ஒரு பட்டையே ராஜபாட்டைதான், மோட்டார் வருகிற வரையில். வந்தால், புழுதியில் இறங்கி வழிவிட வேண்டியதுதான்.

தாழ்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் தூக்க வியாதியைப் பரப்பும் ஸெட்ஸி ஈ உண்டு. அசையும் உருவத்தைத் துரத்தி வந்து துணிக்கு மேலேயே கடிக்கும். இன்னொரு சத்துரு நமக்கு ரொம்பப் பழக்கமானது: நெருஞ்சி முள்! அதே செடி, அதே முள். நம் பாதத்தில் ஏறுவது போல அங்கே டயரிலும் ஏறும். பஞ்சர் ஒட்டத் தெருமுனையில் கடை ஏது? சாலையோரத்தில் உட்கார்ந்து தானே டியூபைக் கழற்றி ஒட்ட வேண்டும்.

சாப்பாடு கிடைத்தால் மக்காச்சோளக் களி. மலாவியில் 'ந்ஸிமா', ஜிம்பாப்வேயில் 'ஸாட்ஸா', தென்னாப்பிரிக்காவில் 'பாப்'. கொதிக்கும் நீரில் மாவைப் போட்டு, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளற வேண்டும். ராகிக் களி கிண்டத் தெரிந்த சகோதரிகளுக்கு நான் பக்குவம் சொல்லத் தேவையில்லை. கையால் உருட்டிக் கீரையோடு சாப்பிடுகிறார்கள்.

இதெல்லாம் உடம்புக் களைப்பு. ஒரு ராத்திரி தூங்கினால் தீர்ந்துவிடும். ஆனால் எங்கே தூங்குவது? 1938-ல் அந்தப் பக்கத்து ஹோட்டல்கள் வெள்ளையருக்கு. கையில் காசு இருந்தாலும் இந்தியனுக்கு அறை கிடையாது. அதற்கு நாற்பத்தைந்து வருஷம் முன்பே, 1893-ல், காந்திஜி ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு ஹோட்டலுக்குப் போய் அறை கேட்டார். மானேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெகு மரியாதையாக, இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்றார். இதை ஓர் இந்திய வியாபாரியிடம் காந்திஜி சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். ஹோட்டலில் இடம் கொடுப்பார்கள் என்று இவர் நம்பியதே அவருக்கு வேடிக்கையாக இருந்ததாம்! அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்னவோ அழுகைதான் வருகிறது.

சாலையும் எல்லோருக்கும் ஒன்றல்ல. தென்னாப்பிரிக்காவில் 1913-ம் வருஷத்துச் சட்டப்படி, ஒரு மாகாணத்து இந்தியர் அடுத்த மாகாணத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்திலோ, குடியிருக்கவே விடாத சட்டம் 1891 முதல் இருந்தது. அதே 1913-ல் டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டால் எல்லையைத் துணிந்து தாண்டிச் சிறை புகுந்தார்கள் நம் தமிழ்ப் பெண்கள். தில்லையாடி வள்ளியம்மையை உங்களுக்குத் தெரியும். சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் உயிர் விட்டாள். 'ட்ரூரோ' என்ற கப்பல் நம் சென்னையிலிருந்து முதல் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16-ந் தேதி டர்பனை அடைந்ததல்லவா? அந்தக் கரும்பில் வளர்ந்த நாட்டில்தான் இத்தனை தடையும்.

அந்த வழியாகத்தான் ராம்நாத் பிஸ்வாஸ் போனார். பிறகு அமெரிக்காவும் பார்த்துவிட்டு 1940-ல் ஊர் திரும்பி, பிரயாண நூல்களாக முப்பதுக்கும் மேல் வங்காளியில் எழுதினார். 1955-ல் கல்கத்தாவில் காலமானார். ஆப்பிரிக்காவில் அந்தச் சட்டங்கள் ஒழிவதை அவர் பார்க்கவில்லை.

2003-ல், கெய்ரோவிலிருந்து கேப் டவுன் வரை சுமார் 12,000 கிலோமீட்டரை நாலு மாதத்தில் சைக்கிளில் கடக்கும் கோஷ்டிப் பயணம் ஒன்று தொடங்கியது. பெண்களும் போகிறார்கள். கூடவே சாமான் லாரி, சமையல், கூடாரம் எல்லாம் உண்டு. எதிர்க்காற்றும் நெருஞ்சி முள்ளும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் சாயங்காலம் களைத்துப்போய் ஒரு ஹோட்டல் வாசலில் இறங்கி, "இடமில்லை" என்ற பதில் வந்தால், உண்மையிலேயே அறை காலியில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஹோட்டலுக்கு மிதிக்கலாம்.