தறி வீட்டு விருந்தாளிகள்

வனவிலங்குகளைக் காண வேண்டுமானால் முதுமலைக்கோ முண்டந்துறைக்கோ போக வேண்டும் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள், கூண்டிலுள்ளவற்றையாவது பார்ப்போமென்று வண்டலூருக்குப் பேருந்து ஏறுகிறோம். ஆனால் யாரும் வளர்க்காமல், யாரும் கட்டிப்போடாமல், தன் இரையைத் தானே தேடி வாழும் பிராணி எதுவானாலும் அது வனவிலங்கின் இனத்தைச் சேர்ந்ததுதான். அப்படிப் பார்த்தால், நம் சின்ன காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீடுகளில் அவற்றுக்குக் குறைவே இல்லை. குழித்தறியில் காலை இறக்கி அமர்ந்தவர் பொழுது முழுவதும் ஒரே இடத்தில், ஒரே ஓசையோடு வேலை செய்கிறார். நாளடைவில் பிராணிகள் அவருக்குப் பழகிவிடுகின்றன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய வாய்ப்பு அல்லவா?

முதலில் பல்லியைப் பார்ப்போம். நம் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகிறார்கள். வீட்டுக்குள் வரும் உயிருள்ள பல்லிக்கோ துடைப்பம்தான் வரவேற்பு! அது எப்படி உத்தரத்தில் தலைகீழாக ஓடுகிறது? அதன் விரல்களில் பசை ஏதும் இல்லை. ஒவ்வொரு பாதத்தின் அடியிலும் லட்சக்கணக்கான நுண்ணிய மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரின் நுனியும் மேலும் பலவாகப் பிரிந்திருக்கிறது. இந்த நுனிகளுக்கும் சுவருக்கும் இடையே அணுக்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் மெல்லிய விசையே அதைத் தாங்குகிறது என்று 2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். பல்லிக்கு இமை கிடையாது. நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். மாலையில் விளக்கடியில் பத்து நிமிடம் நின்றால் இதைக் காணலாம். அது விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் பார்ப்பவர்கள், அது விழாமல் இருப்பதன் அதிசயத்தையும் சற்றுப் பார்க்கலாம்.

பகலில் அணில். தென்னாட்டு அணிலுக்கு முதுகில் மூன்று கோடுகள். நாரும் பஞ்சும் நூலும் அதற்குக் கூடு கட்டும் பொருள்கள். ஆகையால் முற்றத்தில் கிடக்கும் கழிவு நூலின்மேல் அதற்கு எப்போதும் ஒரு கண். வாலை ஆட்டி ஆட்டி விடாமல் அது கத்தினால், அது பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள். பூனையோ பாம்போ அங்கே இருக்கக்கூடும். மழைக்காலத்தில் ஈரம் ஊறிய தறிக்குழிக்குள் தேரை வந்து உட்காரும். இரவெல்லாம் பூச்சி பிடித்துத் தின்னும் பரம சாது அது. (தேங்காயின் பருப்பைத் தேரை தின்றுவிடும் என்பது வெறும் பேச்சு. மூடிய தேங்காய்க்குள் அது எந்த வழியாகப் போகும்?)

இனி வருவது வேண்டாத விருந்தாளி, எலி. பட்டுப் பாவுக்கு அரிசிக் கஞ்சி போட்டு, தெருவில் நீளக் கட்டிக் காயவைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கஞ்சியின் வாசனை எலியை இழுக்கும். அன்றியும், எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் அதனால் வாய் திறந்து உண்ணவும் முடியாது. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலைகள் நெய்வார்கள். ஓர் இரவில் எலி கடித்துவிட்டால், அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து இணைக்க வேண்டும். அந்த நாட்களுக்குக் கூலி ஏது?

ஆகவே எலி மருந்து வைக்கிறார்கள். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. இக்காலத்து எலி மருந்துகளில் பல, உடலில் இரத்தம் உறையவிடாமல் செய்பவை. மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது எளிது. அதைத் தின்னும் கூகையின் உடலிலும் அந்த நஞ்சு சேருகிறது. இப்படி, எலியைக் கூலி வாங்காமல் பிடித்துத் தந்தவனையே நாம் கொன்றுவிடுகிறோம்.

கூகை என்பது இதய வடிவமான வெள்ளை முகம் கொண்ட பெரிய ஆந்தை. பழைய மண்டபங்களிலும், ஆளில்லா வீட்டுப் பரண்களிலும் தங்கும். சாக்குருவி என்று பெயர் சூட்டி, அது அலறினால் வீட்டில் சாவு விழும் என்கிறார்கள். உண்மையில் அந்த அலறலைக் கேட்டு அஞ்ச வேண்டியவை எலிகளே. அதன் காதுகளில் ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழுமாக அமைந்திருப்பதால், கும்மிருட்டிலும் எலி ஓடும் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று துல்லியமாக அறியும். இறகின் ஓரங்கள் மென்மையாக இருப்பதால் பறக்கும் ஓசையே கேட்காது. நம் ஆண்டவர் நடமாடிய யோர்தான் பள்ளத்தாக்கில், 1983 முதல் உழவர்கள் வயல்களில் பெட்டிகள் வைத்து இந்தக் கூகையைக் குடியமர்த்தி எலிகளைக் குறைத்து வருகிறார்கள்.

எலியின் மற்றொரு பகைவன் சாரைப்பாம்பு. இதற்கு நஞ்சே இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. ஆனால் நாகமும் விரியன்களும் கூட எலியைத் தேடி வரக்கூடியவை. ஆகையால் பாம்பு எதுவானாலும் பெண்பிள்ளைகள் பக்கத்தில் போய் ஆராய வேண்டாம். கண்ணை எடுக்காமல் தூரத்தில் நின்று, பெரியவர்களைக் கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்புங்கள். அவர்கள் வந்து பிடித்துச் செல்வார்கள்.

பிராணியைக் காப்பதும் பிழைப்பைக் காப்பதும் வேறு வேறு என்று சிலர் வாதிடுவார்கள். அவர்கள் வேடந்தாங்கலை எண்ணிப் பார்க்கட்டும். அங்கே பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதைக் குடியானவர்கள் கண்டறிந்தார்கள். பறவைகளைச் சுடுவோரைத் தடுக்க வேண்டுமென்று முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் உரிமைப் பத்திரமும் பெற்றார்கள். படிப்பறிவு பெரிதாக இல்லாத காலம் அது! தறி வீட்டிலும் இதே கணக்குத்தான். பாவைச் சுருட்டி உயரத்தில் வைப்பது, கஞ்சிப் பானையை இரவிலேயே கழுவுவது, சுவரின் வளைகளை அடைப்பது, எலிப்பொறி வைப்பது — இவற்றுக்குப் பிறகும் எலி மிஞ்சினால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்த அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் பறவைகளைச் சகோதரிகள் என்றே அழைத்தவர். அவர் திருநாளாகிய அக்டோபர் 4, உலக விலங்குகள் தினமும் ஆகும்.

உங்கள் வீட்டருகே கூகை உண்டா என்று அறிய இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை. அது எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். கட்டைவிரல் பருமனுள்ள கறுத்த உருண்டைகள் பழைய சுவரடியிலோ மண்டபத்திலோ கிடந்தால், குச்சியால் காகிதத்தில் தள்ளி எடுத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். நீரில் ஊறவைத்துப் பிரித்தால் சிறு மண்டையோடுகள் கிடைக்கும். அவற்றை எண்ணினால், உங்கள் தெருவில் எத்தனை எலிகள் குறைந்தன என்பது தெரிந்துவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.