மங்கும் மலைத்தேனும்

இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு பகுதிகளிலும், பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் உழைத்து வருகின்றனர். கொழுந்து பறிக்கும் பெண்டிர் சிலரது கன்னத்திலும் நெற்றியிலும் படரும் கருந்திட்டுகளை ‘மங்கு’ என்கிறோம். மலைத்தேனைப் பூசினால் அது மறையும் என்பர் சிலர். இது எந்த அளவுக்கு உண்மை என்று பார்ப்போம்.

தோலில் உள்ள நிற அணுக்கள் ‘மெலனின்’ என்னும் நிறப்பொருளை ஆக்குகின்றன. வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து தோலைக் காக்கும் குடை அது. கருவுற்ற காலம், கருத்தடை மாத்திரை, குடும்ப வழி ஆகிய காரணங்களோடு வெயிலும் சேரும்போது அவ்வணுக்கள் அளவு மீறி வேலை செய்கின்றன, மங்கு தோன்றுகிறது. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புறஊதாக் கதிரின் வலிமை நூற்றுக்குப் பத்து அளவில் கூடும். மேகமும் அதனை முற்றிலும் தடுப்பதில்லை. ஆதலின் மலையில் உடல் குளிர்ந்திருக்கும்போதே முகம் கறுக்கக்கூடும்.

தேனிலுள்ள சர்க்கரைப் பொருள்கள் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் வறண்ட தோல் மென்மையுறும். முகமும் சற்றுப் பொலிவாகத் தோன்றும். ஆனால், தேன் மங்கைப் போக்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. தேனுடன் எலுமிச்சைச் சாறு கலந்து பூசுவதோ தீமையாகவே முடியலாம். அச்சாறு பட்ட தோலில் வெயில் பட்டால், புண்பட்டுக் கருமை மிகுவதுண்டு. தேனீக்கள் கூட்டில் பூசும் பிசினும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒவ்வாமை தணிந்த இடத்தில் கருவடு தங்கும்.

தேன்மெழுகு வேறு வகையில் பயன் தருவது. ஒரு பங்கு மெழுகை நான்கு பங்கு தேங்காய் எண்ணெயில் இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கி ஆறவிட்டால் நல்ல களிம்பு கிடைக்கும். குளிர்காலத்து உதட்டு வெடிப்புக்கும் பித்தவெடிப்புக்கும் அது ஏற்றது.

தேன் பலிக்கவில்லையென்று, பெயரும் முகவரியும் அற்ற வெளுப்புக் களிம்புகளை நாடுவதுதான் பேராபத்து. பாலக்காட்டை அடுத்த மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை சிறுநீரகம் கெட்டு வந்தோரை மருத்துவர் ஆராய்ந்தனர். குறிப்பிட்ட ஒருவகைச் சிறுநீரக நோய் கண்ட 15 பேரில் 13 பேர் இத்தகைய களிம்புகளைப் பூசியவர்கள். களிம்பிலிருந்த பாதரசமே ஐயத்துக்குரிய பொருளாயிற்று.

ஆகவே நாம் செய்யத்தக்கவை யாவை? அகன்ற விளிம்புத் தொப்பியோ, முகத்தை மறைக்கும் முக்காடோ அணிந்து வேலைக்குச் செல்லலாம். இயன்றவர், மேகமூட்டமான நாளிலும் வெயில் தடுப்புக் களிம்பைப் பூசலாம். திட்டுகள் மிகுமாயின் தோல் மருத்துவரிடம் காட்டுதல் நன்று. மங்கு குறைய மாதங்கள் பல ஆகலாம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பிறவியில் வந்த மாநிறமும் கருநிறமும் நோயல்ல. அவற்றுக்கு மருந்தும் வேண்டா. நல்ல தேன் கிடைத்தால் உணவுக்கு வைத்துக்கொள்வோம். முகத்துக்கு நிழல் தேடுவோம்.