மணநாளுக்கு முன் படப்பிடிப்பாளரோடு ஒரு மணிநேரம்

திருமணத்துக்கு நாள் குறிக்கப்பட்டதும் மண்டபம், பந்தல், சமையற்காரர், அழைப்பிதழ் என்று ஒவ்வொன்றையும் பலமுறை பேசி முடிவெடுக்கும் எமது குடும்பங்கள், படப்பிடிப்பாளரை மட்டும் பெரும்பாலும் ஒரே தொலைபேசி அழைப்பில் ஒழுங்கு செய்துவிடுகின்றன. திகதியும் தொகையும் பேசப்படும், முற்பணம் கொடுக்கப்படும், அத்தோடு அவ்விடயம் மறக்கப்பட்டுவிடும். பேசாமல் விட்டவை யாவும் அல்பம் கைக்கு வரும்போதுதான் தெரியவருகின்றன. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், மணமகனை வளர்த்தெடுத்த அம்மம்மாவின் முகம் நூற்றுக்கணக்கான படங்களுள் ஒன்றிலேனும் தெளிவாக விழவில்லை. அலங்கரித்த வாகனத்துக்கு மட்டும் பல பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டே அம்மூதாட்டி காலமானார். படப்பிடிப்பாளரைக் குறை கூறுவதற்கும் இடமில்லை. கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்த அந்த முதியவர் யாரென்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்து வாழும் மக்களுக்குத் திருமணப் படம் வெறும் அலங்காரப் பொருளன்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி இப்பிரதேசத்தின் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. அதன்பின் வந்த யுத்த காலத்தில் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும், தெற்கே மருதமுனை, சாய்ந்தமருது வரையான கரையோரக் கிராமங்களையும் தாக்கியது. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் உயிரிழந்த அந்தப் பேரழிவில், உயிர் தப்பியோர் பலரிடம் இறந்தவரின் முகத்தைக் காட்டுவதற்கு ஒரு படமேனும் எஞ்சியிருக்கவில்லை. அத்தகையோருக்கு, தூரத்து உறவினர் ஒருவரின் திருமண அல்பத்தில் பந்தலின் ஓரத்தில் நின்ற உருவமே கடைசி அடையாளமாயிற்று. கல்யாணப் படத்தில் யார் யார் விழவேண்டும் என்ற கேள்வியை இதனை மனதிற்கொண்டே அணுகவேண்டும்.

ஆதலால் மணமக்கள் இருவரும், இயலுமாயின் இரு தரப்பிலும் ஒவ்வொரு மூத்தவரும், மணநாளுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர் படப்பிடிப்பாளரோடு ஒரு மணிநேரம் அமர்ந்து பேசுவது அவசியமாகும். அப்போது கையளிக்கவேண்டிய முதற் பொருள் ஒரு பெயர்ப் பட்டியல். முதியோர், நோயுற்றோர், வெளிநாட்டிலிருந்து வருவோர், தாய்மாமன், குடும்பத்துக்கு உதவிய அயலவர் ஆகியோர் அதில் இடம்பெற வேண்டும். பட்டியல் மட்டும் போதாது. ஆட்களை அடையாளம் காட்ட இரு வீட்டாரிலும் ஒவ்வொருவர் படப்பிடிப்பாளரோடு நிற்கவேண்டும். இந்த வேலைக்கு அதிகம் பேசுகின்ற உறவினரே பொருத்தமானவர் என்பது எமது அனுபவம்.

அடுத்ததாக, சடங்கின் ஒழுங்கைப் படப்பிடிப்பாளருக்கு விளக்கவேண்டும். 'எத்தனையோ கல்யாணம் எடுத்தவர், அவருக்குத் தெரியாததா' என்று விட்டுவிடுவதே பல குறைகளுக்குக் காரணம். தாலி கட்டுதல், கூறை மாற்றுதல் ஆகியவற்றின் நேரமும் முறையும் ஊருக்கு ஊர், குடிக்குக் குடி வேறுபடுகின்றன. சில ஆலயங்களில் மூலஸ்தானத்தை நோக்கிக் கமராவைத் திருப்புவதற்கு அனுமதியில்லை. பள்ளிவாசலில் நிக்காஹ் நடைபெறுமாயின், கமராவை எதுவரை கொண்டுசெல்லலாம் என்பதை அதன் நிர்வாகத்தினரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். பள்ளிவாசலில் மணமகனும் வலியும் அமர்ந்து நிக்காஹ் நிறைவேறும் அதே வேளையில் மணமகள் வீட்டில் பெண்கள் மத்தியில் இருக்கின்றாள். ஒரு கமராவால் இரண்டு இடங்களில் நிற்க முடியாது. ஒருவரையே அமர்த்திய வீடுகளில் மணமகளின் அந்த நேரம் பதிவாகாமலே போய்விடுகின்றது. பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளர் ஒருவரைத் தனியாக அமர்த்துவதே இதற்கு நேரான வழி. அடக்கத்தைப் பேணும் தமிழ்க் குடும்பங்களும் மணமகளை அலங்கரிக்கும் அறைக்கு இந்த ஏற்பாட்டை விரும்புவதில் வியப்பில்லை. குரவையொலி இரு சமூகத்துக்கும் பொதுவானது. அதனை எழுப்பும் பெண்கள் தம் முகம் படத்தில் விழுவதை விரும்புகின்றார்களா என்பதை அவர்களிடமே கேட்கவேண்டும்.

வெளிப்புறப் படங்களில் ஆர்வமுள்ளோர் இப்பிரதேசத்தின் வெளிச்சத்தைச் சற்று அறிந்திருப்பது நல்லது. எமது கரையில் சூரியன் கடலில் எழுந்து வாவிக்கு மேற்காக மறைகின்றது. கல்லடி, காத்தான்குடி போன்ற ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்துள்ளமையால், காலையில் கடற்கரையிலும் மாலையில் வாவிக்கரையிலும் மெல்லிய வெளிச்சம் கிடைக்கின்றது. நண்பகல் வெயிலில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும், பொன்னகை வெளிறும், வெண்ணிற ஆடையின் மடிப்புகள் மறைந்துபோகும். மாலையில் வாவியைப் பின்னணியாக வைத்தால் சூரியன் மணமக்களின் முதுகுப் பக்கம் இருக்கும். கமரா பிரகாசமான நீருக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் முகங்கள் கறுத்துவிடும். அவ்வேளையில் முகத்துக்கு மென்மையான செயற்கை வெளிச்சம் தரவேண்டும். அல்லது மணமக்களைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தவேண்டும். அந்த நல்ல வெளிச்சமும் நீடிப்பதில்லை. பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் எமது நாட்டில் சூரியன் விரைவாகவே மறைகின்றது. இருளும் உடனே சூழ்கின்றது. முஸ்லிம் மணமக்களுக்கு அதுவே மஃரிப் தொழுகைக்கான நேரமுமாகும். அஸர் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டு, பாங்கொலிக்கு முன்னரே முடித்துக்கொள்ளும் வகையில் நேரத்தை வகுத்தால் படத்துக்கும் தொழுகைக்கும் இடையே முரண்பாடு எழாது. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மழை குறுக்கிடக்கூடும் என்பதால், அம்மாதங்களில் மாற்று இடம் ஒன்றையும் பேசி வைத்திருக்கவேண்டும்.

1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலமும், பாலமீன்மடு வெளிச்சவீடும் ஏறக்குறைய எல்லா அல்பங்களிலும் இடம்பிடித்துவிடுகின்றன. அதில் தவறில்லை. ஆயினும் மணமகளின் வீட்டு முற்றம், தந்தையின் வயல்வரம்பு, பாட்டன் தோணி கட்டிய துறை ஆகியவை வேறு எவரது அல்பத்திலும் இராது என்பதை மணமக்கள் எண்ணிப் பார்க்கலாம். வானிலிருந்து படமெடுக்கும் ட்ரோன் தேவைப்படுமாயின், அது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டதென்பதால், அனுமதி பெறும் பொறுப்பு யாருடையது என்பதையும் முன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சடங்கு நடக்கும்போது கமராவுக்காக அதனை நிறுத்துவதும், தாலி கட்டும் கையை 'மீண்டும் ஒருமுறை' என்று திருப்பி எடுக்கச் சொல்வதும் எமக்கு உடன்பாடானவையல்ல. முகூர்த்தம் படத்துக்காகக் குறிக்கப்படுவதில்லை. எனினும் இதில் மணமக்களுக்கும் பொறுப்புண்டு. அலங்காரம் இரண்டு மணிநேரம் தாமதித்தால் படப்பிடிப்பாளர் இழந்த நேரத்தைச் சடங்கிலிருந்தே மீட்க முனைவார். சடங்கு முடிந்தபின் அரைமணி நேரத்தைப் படத்துக்கென்று மனமுவந்து ஒதுக்கினால், சடங்கின்போது அவர் விலகி நிற்பார். கைத்தொலைபேசிகளை உயர்த்தியபடி மணமக்களைச் சூழ்ந்துகொள்ளும் உறவினருக்கும், அந்தச் சில நிமிடங்களுக்குச் சற்றுப் பின்னே நிற்குமாறு வீட்டுப் பெரியவர் ஒருவர் அன்பாகச் சொல்லிவைப்பது நன்று.

படங்கள் எங்கே போகின்றன என்பது மேலும் பாரதூரமான விடயமாகும். தமது திறமையைக் காட்டுவதற்காக மணமக்களின் படங்களை முகநூலில் இடுவது படப்பிடிப்பாளர்களின் வழக்கம். அவர்களது தொழில் அதனால் வளர்கின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் படம் அவளது விருப்பமின்றிப் பொதுவெளிக்குச் சென்றபின் அதனைத் திரும்பப் பெறுவது எளிதன்று. படங்களைத் திரித்து வேறொன்றாக்கும் மென்பொருள்கள் எவரது கைக்கும் எட்டுகின்ற இக்காலத்தில் அதன் ஆபத்து இன்னும் பெரிது. எந்தப் படங்களை வெளியிடலாம், எவற்றை வெளியிடவே கூடாது, திருத்தும் வேலைக்காக வேறு ஸ்டூடியோவுக்கு அனுப்பப்படுமா, பெண்கள் பகுதிப் படங்களை யார் கையாள்வார் என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்வதற்கு இரு தரப்பும் தயங்கக்கூடாது. அதே தாளில் பணிநேரம், அல்பத்தின் பக்கங்கள், ஒப்படைக்கும் திகதி, அவர் நோயுற்றால் வருகின்ற மாற்று ஆள், மீதிப்பணம் செலுத்தும் நாள் ஆகியவற்றையும் எழுதிவிடலாம். இரண்டு நினைவக அட்டைகளில் ஒரே நேரத்தில் பதியும் கமரா அவரிடம் உண்டா என்று கேட்பதும் தவறாகாது.

எமது பிரதேச வழக்கப்படி திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே செல்கின்றார். இவ்விடயத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வழியினர். அல்பமும் அவரோடு அவ்வீட்டுக்கே போய்விடுகின்றது. மகனைக் கட்டிக் கொடுத்த தாயிடம், அது தமிழ் வீடாயினும் சரி, முஸ்லிம் வீடாயினும் சரி, பெரும்பாலும் ஒரு படமும் மிஞ்சுவதில்லை. பெரிய அல்பத்தின் பக்கங்களில் சிலவற்றைக் குறைத்து, மாப்பிள்ளையின் தாய்க்கென்று ஒரு சிறிய அல்பத்தையும் தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டால் மேலதிகச் செலவு பெரிதாக இராது. வெள்ளமும் கடலும் அறிந்த ஊரில் இரண்டாவது அல்பம் வேறொரு கூரையின் கீழ் இருப்பது பாதுகாப்புமாகும். மூலப் படங்களின் பிரதிகளை வீட்டில் ஒன்றும், உள்நாட்டில் வாவிக்கரையை விட்டுத் தொலைவிலுள்ள உறவினரிடம் ஒன்றும், இணையச் சேமிப்பில் ஒன்றுமாக வைத்திருக்கலாம். படப்பிடிப்பாளர் தமது கணினியில் அவற்றை எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்பதையும் கேட்டறிய வேண்டும். பலர் சில மாதங்களில் அழித்துவிடுகின்றனர்.

பழைய அல்பம் ஒன்று வெள்ளத்தில் நனைந்துவிட்டால் அதனை உடனே குப்பையில் இடவேண்டியதில்லை. 2011 மார்ச் மாதம் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலையின் பின்னர் அங்குள்ள தொண்டர்கள் சேற்றிலிருந்து ஏராளமான குடும்பப் படங்களை மீட்டெடுத்தனர். ஒட்டிக்கொண்ட படங்களைப் பலவந்தமாகப் பிரிக்காமல், சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரித்து, முகம் பதிந்த பக்கத்தைத் தேய்க்காமல் சேற்றை அகற்றி, நேர்வெயில் படாத நிழலில் காற்றோட்டமாக உலரவிட வேண்டும். ஈரத்தோடு அடுக்கி வைத்தால் இரண்டு மூன்று நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும்.