மேற்பரப்பு அடையாள மிதவை

மேற்பரப்பு அடையாள மிதவை என்பது, ஸ்கூபா முறையில் நீருக்கடியில் நீந்துபவர் தாம் இருக்கும் இடத்தை மேலே உள்ள படகுக்குக் காட்டப் பயன்படுத்தும், காற்று நிரப்பக்கூடிய கருவியாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது எஸ்.எம்.பி. எனப்படுகிறது. பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில், ஒரு மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை நீளமுள்ள குழாய் வடிவில் இருக்கும்.

சேலம், நாமக்கல் பகுதிகளில் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் மிதவை என்றதும் முதுகில் கட்டிய சுரைக்குடுக்கையை நினைப்பார்கள். இது அதுவன்று. குடுக்கை ஆளைத் தாங்குவது. இந்த மிதவையின் வேலை ஆளைக் காட்டுவது. லாரியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் முனையில் கட்டும் சிவப்புத் துணியே இதற்கு நெருங்கிய உறவு.

தேவை

அலையுள்ள கடலில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவே தெரியும். சில நூறு மீட்டருக்கு அப்பால் படகோட்டியின் கண்ணுக்கு அது அகப்படாது. ஒரு நாட் வேகமுள்ள நீரோட்டம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 31 மீட்டர் இழுத்துச் செல்லும். 18 மீட்டர் ஆழத்திலிருந்து நிமிடத்திற்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று மேலே வருபவர், அந்த ஐந்து நிமிடத்திலேயே 150 மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பார். படகோ அவர் இறங்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

2022 ஏப்ரல் 6 அன்று மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், மெர்சிங் கடற்கரைக்கு அப்பால் மூழ்கிய நால்வர் மேலே வந்தபோது அவர்களின் படகு அங்கில்லை. பயிற்சியாளர் மறுநாள் மீட்கப்பட்டார். மேலும் இருவர் ஏப்ரல் 9 அன்றுதான் கிடைத்தனர். நான்காமவரான 14 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். கடலில் மிதந்துகொண்டிருப்பவரைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இந்த மூன்று நாள் இடைவெளியே போதும்.

வகைகள்

முதல் வகை, மூழ்கும் நேரம் முழுவதும் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லப்படுவது. படகு அதைப் பின்தொடரும். ஆழம் குறைந்த இடங்களுக்கு இது ஏற்றது. இரண்டாவது, மடித்து எடுத்துச் சென்று, மேலேறும் முன் நீருக்கடியிலிருந்தே காற்று நிரப்பி அனுப்பப்படுவது, இது டி.எஸ்.எம்.பி. எனப்படும். மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட எச்.எம்.எஸ். எர்மிஸ் கப்பல் கிடக்கிறது. அதுபோன்ற திறந்த கடல் இடங்களில், இறங்கிய கயிற்றைத் தவறவிட்டவருக்கு இரண்டாவது வகையே துணை.

அனுப்பும் முறை

இங்குதான் பாயிலின் விதி வேலை செய்கிறது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் மூன்று மடங்கு. அங்கு மிதவையில் மூன்றில் ஒரு பங்கு காற்று விட்டாலே மேலே வரும்போது முழுதாக நிரம்பிவிடும். அங்கேயே முழுதாக நிரப்பினால் மிகுதிக் காற்று வெளியேற வேண்டும். அதற்காகவே பல மிதவைகளில் அழுத்தம் தணிக்கும் வால்வு உள்ளது.

மிதவையை விடும் முன் மேலே நிமிர்ந்து படகின் அடிப்பகுதியோ வேறு ஆளோ இல்லை என்று பார்க்க வேண்டும். கயிறு சுற்றிய ரீலோ ஸ்பூலோ கையை நீட்டிப் பிடிக்கப்பட வேண்டும். உடலில் கொக்கியிட்டு மாட்டியிருக்கக் கூடாது. மாற்று ரெகுலேட்டரிலிருந்தோ, வாயால் ஊதியோ காற்றை நிரப்பி, கயிறு தடையின்றி ஓடும்படி விட வேண்டும். கயிறு சிக்கினால் ஒரே விடை: ரீலைக் கைவிடுவது. பத்து லிட்டர் காற்று ஏறத்தாழ பத்து கிலோ விசையுடன் மேலே இழுக்கும். அதோடு சேர்ந்து வேகமாக மேலே போகிறவருக்கு நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழ் இரத்தத்தில் கலக்கலாம். ரீலின் விலையை நினைத்துப் பிடித்துக்கொண்டிருப்பது வீண் சிக்கனம்.

மேலே வந்தபின் கயிற்றைச் சற்றுக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால்தான் மிதவை செங்குத்தாக நிற்கும். படுத்துக் கிடக்கும் மிதவை அலைக்குள் மறைந்துவிடும்.

தமிழ்நாட்டுக் கடலில்

புதுச்சேரி, கோவளம், இராமேசுவரம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் மூழ்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீனவர்களும் வலைக்கு மிதவையும் கொடியும் கட்டுகிறார்கள். ஃபைபர் படகில் வருபவர் ஆரஞ்சு மிதவையை வலை அடையாளமாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே மூழ்குபவர் கீழே உள்ளார் என்பதைக் குறிக்கும் நீல-வெள்ளை ஆல்ஃபா கொடியைப் படகில் ஏற்றுவதுடன், அருகில் தொழில் செய்யும் படகுகளிடம் முன்பே வாயால் சொல்லிவிடுவதும் நல்லது. கடலில் ஆள் காணாமற்போனால் கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554.

விடுமுறைக்கு அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ சென்று முதல்முறை மூழ்குபவரிடம் மிதவை தரமாட்டார்கள். அதைப் பயிற்சியாளர் வைத்திருப்பார். வைத்திருக்கிறாரா என்று படகிலேயே கேட்கலாம், அதில் கூச்சம் தேவையில்லை. பயிற்சியை நீச்சல் குளத்தில் தொடங்குவதே முறை. நம் ஊரிலேயே இருக்கிறதென்று மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தனியே முயல வேண்டாம்: கலங்கிய நீர், அடியில் மீன்வலைகள்.

பயன்படுத்திய பின் மிதவையையும் கயிற்றையும் நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வால்வில் மணல் இல்லை என்று பார்த்தே மடிக்க வேண்டும். ரீலில் சுற்றிய கயிறு, போகும் ஆழத்தைவிட நீளமா என்பதையும் அப்போதே அளந்துகொள்ளலாம்.